நெல் ஒரு முறம், உளுந்து ஒரு முறம்

நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கோயில் வாசல்ல எல்லாரும் உங்களப் பாத்து சிரிச்சாங்களேப்பா, உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று பெரியவள் வாய்விட்டுக் கேட்டாள். சின்னவன் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் என் ஆட்டோவில் ஏறாமல் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனான். அதுவும் அதே கேள்விதான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது சொல்லலாம் என்று ஆகிவிட்டது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சவாரிக்கு போன் வந்துவிடும். அதனால் சின்னவனுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

முதலில் வாய்க்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டை பக்கத்து ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற நம் வாய்க்கால் முதலில் நம் ஊருக்குள் நுழையும். அப்புறம் கடைமடை ஊருக்குப் போகும். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் என்பதால் அதற்கு அந்தப் பேர். அதையும் தாண்டி மிஞ்சினால் அதிராம்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகும். மிஞ்சி நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்னால் இரண்டு ஊரும் வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிச் சேர்ந்துதான் வாய்க்காலை வெட்டுவோம். பெரியவள் கைக்குழந்தையாக இருந்த வருஷம், அப்படி வெட்டும்போது வெட்டிய சேற்றை எந்தக் கரையில் கொட்டுவது என்று ஒரு வாய்ச்சண்டை வந்தது. யாரோ ஒருவர் கூடைச் சேற்றை இன்னொருவர் தலையில் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்தது எந்த ஊர் ஆள், கவிழ்ந்தது எந்த ஊர்த் தலை என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டு ஊரிலும் இரண்டு பதில் வரும்.

அதற்கப்புறம் நாங்கள் எல்லைக்கல் வரைக்கும் வெட்டுவோம். அவர்கள் பாலத்திலிருந்து அந்தப் பக்கம் வெட்டுவார்கள். நடுவில் முந்நூறு அடி யாருக்கும் இல்லை. "அது அவங்க பங்கு" என்று நாங்கள் சொல்வோம். அவர்களும் அதையே சொல்வார்கள். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு, மேலே ஆடு நடந்து போகலாம் போல ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் தென்னை நெருக்கமாக நிற்பதால் இயந்திரம் உள்ளே வராது. மனுஷன்தான் இறங்க வேண்டும்.

இதனால் அவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நம் ஊரில் பேசுவார்கள். அது பொய். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி நம் ஊரின் தாழ்ந்த வயல்களில் ஏறிக்கொள்ளும். நான் குத்தகைக்குப் பயிர் வைக்கிற இரண்டு மா நிலம் அங்கேதான் இருக்கிறது. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். அப்படியென்றால் அது எவ்வளவு சின்ன நிலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நாற்று முழுவதும் முழுகி அழுகியது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா அந்த வாசத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நிலத்துக்காரர் என்னிடம், "இந்த வருஷமும் அழுகிச்சுன்னா சொல்லிடுப்பா, வேற ஆளுக்கு விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் மேடம் வந்தார்.

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்று, ஒரு மாதத்துக்கு ஆட்டோ வேண்டும் என்று கேட்டார். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். சமூக உளவியல் என்றார். நான் முழித்ததைப் பார்த்து, ஆட்டோ கிளம்பிய பிறகு பின்னாலிருந்து விளக்கினார்.

"கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கீங்கண்ணே. எல்லாருக்கும் வயிறு நெறஞ்சிடுச்சு. ஆனா யாராவது இலைய மடிக்கிறாங்களா?"

"மாட்டாங்க. மொதல்ல யாரு எந்திரிக்கிறாங்கன்னு பாப்பாங்க."

"எல்லாரும் அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா?"

"மோர் ரெண்டாவது தடவ வந்துரும்."

பின்னால் அவர் சிரித்தார். "அதத்தாண்ணே நான் படிக்கிறேன். தனியா இருக்கும்போது ஒருத்தர் நெனைக்கிறது ஒண்ணு, நாலு பேரோட உக்காந்தா சொல்றது இன்னொண்ணா ஏன் ஆகுது, ஒரு ஊரு இன்னொரு ஊரப் பத்தி நெனைக்கிறது எப்படி வருதுன்னு."

நம் ஊரும் கடைமடை ஊரும் ஒன்றைப் பற்றி ஒன்று என்ன நினைக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் வந்திருந்தார். அதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதற்கு, டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. "அவங்களுக்கென்ன, வீட்டுக்கு ஒரு ஆளு துபாய்ல இருக்கான், தண்ணி வந்தா என்ன வராட்டி என்ன" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். துபாய்க்குப் போனவர்களில் பாதிப் பேர் நிலம் காய்ந்ததால்தான் போனார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அங்கே நம்மைப் பற்றி, "தலைமாட்டுக்காரங்க, குடிச்சது போக குளிப்பாங்க, குளிச்சது போக நமக்கு விடுவாங்க" என்பார்கள்.

மேடத்திடம் நான் முதலில் வியந்தது அவர் முகத்தை. நாம் ஒருவர் பேசுவதைக் கேட்டால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்போம் இல்லையா? அவர் ஆட்ட மாட்டார். கண்ணை எடுக்காமல் கேட்பார். ஆனால் அந்த முகத்தில் ஆமா என்றும் வராது, இல்லை என்றும் வராது. கேட்டதற்கு, "நான் தலையாட்டினா, எனக்குப் பிடிச்சதையே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்கண்ணே. இத பழகவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு" என்றார். நானும் ஆட்டோ கண்ணாடியைப் பார்த்துப் பழகினேன். பின்னால் இருந்த சவாரி, "என்னண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டார்.

எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் குடிப்பார். ஒரு வீட்டில் குடித்து ஒரு வீட்டில் மறுத்தால் அதுவே ஒரு பதிலாகிவிடுமாம். ஒரு நாள் எத்தனை டீ குடித்தார் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவர் பேச்சு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வேகமாக இருந்ததால், கேள்வியை நான் படித்துக் கேட்க வேண்டும், அவர் எழுதிக்கொள்வார் என்று ஏற்பாடு. அதில்தான் நான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன்.

நம் ஊரில் கல்யாணம் சொல்லப் போனாலும், திருவிழா வரி கேட்கப் போனாலும் முதலில் நாட்டாமை வீட்டுக்குப் போய்விட்டுத்தான் மற்ற வீட்டுக்குப் போவோம். அடுத்த வீட்டு வாசலில் ஏறியதும், "நாட்டாமை வீட்டுல சொல்லிட்டுத்தாங்க வர்றோம்" என்று தொடங்குவோம். அப்படித் தொடங்காவிட்டால் அது மரியாதை இல்லை. நான் அந்த மரியாதையை இதிலும் செய்தேன். முந்நூறு அடியை அந்த ஊரோடு சேர்ந்து வெட்டச் சம்மதமா என்று நாட்டாமையிடம் முதலில் கேட்டோம். "அது சரிப்படாதுப்பா, ஊரு ஒத்துக்காது" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் நான், "நாட்டாமை வீட்டுல கேட்டுட்டுத்தாங்க வர்றோம். அவரு சரிப்படாதுன்னுட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். கேட்டது எனக்கே தெரியாது. நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லியிருக்கிறது.

நாற்பது வீட்டுக்கு மேல் முடிந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் மேடம் தன் வாடகை அறை வராந்தாவில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லாவற்றிலும் என் குரல், எல்லாவற்றிலும் நாட்டாமை. எல்லாப் பதிலும் ஒன்றே. "அவரே சொல்லிட்டாருல்ல, அப்பறம் நாங்க என்ன தனியா?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அந்த வெயிலில் அவர் அலைந்தது எல்லாம் வீணா? கூட்டிக்கொண்டு போன என்னை அன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தாள்களை எடுத்து ஒவ்வொன்றின் குறுக்கேயும் 'பயன்படுத்தக்கூடாது' என்று எழுதினார். கிழிக்கவில்லை. "தப்பையும் வெச்சிருக்கணும்ண்ணே" என்றார். அப்புறம், "இது உங்க தப்பு இல்ல. உங்க ஊரு வழக்கத்த நான் கேட்டுத் தெரிஞ்சிருக்கணும். கேக்கல" என்று சொல்லி, அதையும் நோட்டில் எழுதினார். தன் தப்பைத் தன் கையாலேயே தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு வழி மாறியது. ஊருக்கு இரண்டாக நான்கு மண்பானை வாங்கினோம். கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டு வாயைத் துணியால் கட்டினோம். யார் வீட்டிலும் கூட்டமாக இல்லாமல், ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, கையில் சில நெல்லும் சில உளுந்தும் கொடுப்பார் மேடம். முதல் பானைக்குக் கேள்வி இது: அந்த முந்நூறு அடியை அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து வெட்ட உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் ஒரு நெல், இல்லை என்றால் ஓர் உளுந்து. இரண்டாவது பானைக்கு: உங்கள் ஊரில் மற்றவர்கள் பெரும்பாலும் எதைப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே போல ஒரு மணி. யார் எதைப் போட்டார்கள் என்று மேடத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது.

நம் ஊரில் ஆண்களும் பெண்களுமாக வந்து போட்டார்கள். கடைமடை ஊரிலும் போட்டார்கள். அங்கே ஓர் அம்மா, "உளுந்து போட்டா இட்லி உண்டாம்மா?" என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்தார். மேடம் என்னையும் போடச் சொன்னார். "நீங்க என்கூட வேல பாக்கறீங்க, அதனால உங்களுது கணக்குல வராது. தனி டப்பாவுல போடுங்க" என்றார். நான் முதல் கேள்விக்கு நெல் போட்டேன். இரண்டாவதுக்கு யோசிக்கவே இல்லை, உளுந்து. என் ஊரை எனக்குத் தெரியாதா?

எண்ணுகிற அன்றைக்கு அம்மாவிடம் இரண்டு முறம் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மேடம் நம் ஊர் முதல் பானையை ஒரு முறத்தில் கவிழ்த்தார். நெல். மஞ்சளாக நெல். அங்கங்கே மச்சம் போலச் சில உளுந்து. இரண்டாவது பானையை அடுத்த முறத்தில் கவிழ்த்தார். ஒரே கறுப்பு. நெல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் கடைமடை ஊர்ப் பானைகள். அதே மஞ்சள். அதே கறுப்பு.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு ஊரிலும் பெரும்பாலான ஆட்களுக்குச் சம்மதம். ஆனால் ஒவ்வொருவரும், தான் மட்டும்தான் அப்படி, ஊர் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறார்கள். நானும் அந்தக் கறுப்பில் ஒரு மணிதானே. எத்தனை வருஷம்! நாற்று அழுகியது, அவர்கள் நிலம் காய்ந்தது, எல்லாம் இந்தக் கறுப்பு முறத்தால். ஒரு கோழி வந்து கணக்கில் மூக்கை நுழைக்கப் பார்த்தது. அதை விரட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"மேடம், இத இப்பவே ஊர்ல போயி சொல்லிடலாம்" என்றேன்.

"கூடாதுண்ணே. தண்ணி வந்தப்பறம் இன்னொரு தடவ இதே கேள்விய கேக்கப்போறேன். அது முடிஞ்சதும் ரெண்டு ஊருக்கும் நானே வந்து காட்டறேன். அதுவரைக்கும் நீங்க யார்ட்டயும் சொல்லக்கூடாது. வீட்டுல கூட."

வாக்குக் கொடுத்தேன். அவர் சென்னைக்குப் போய்விட்டார்.

அந்த நாட்கள் எனக்கு நரகம். டீக்கடையில் ஒருவர் கடைமடை ஊரைக் கேலி பேசும்போது, இவரும் நெல்தானே போட்டிருப்பார் என்று அவர் முகத்தையே பார்ப்பேன். அணை திறந்தாயிற்று என்று செய்தி வந்தது. நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர பத்து நாள். நாற்றங்காலில் விதை தெளித்துவிட்டேன். வாய்க்கால் வெட்டு பற்றிப் பேச வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடுவதாகச் சொன்னார்கள். வழக்கம்போல எல்லைக்கல் வரைக்கும் வெட்டுவது என்று முடிவு செய்யத்தான்.

மேடத்துக்கு போன் போட்டேன். "நான் ஒரு வார்த்த சொன்னா போதும் மேடம். எல்லாரும் உள்ளுக்குள்ள சரின்னுதான் இருக்கீங்கன்னு. சொல்லட்டுமா?"

"வேண்டாண்ணே."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உங்க படிப்பு பெரிசா, எங்க நாத்து பெரிசா?"

 

"நாத்துதான் பெரிசு," என்றார். "ஆனா இது படிப்புக்காக இல்லண்ணே. பானைக்குள்ள கைய விடும்போது அவங்கள்ட்ட என்ன சொன்னோம்? எல்லாரும் போட்டு முடிச்சு, நானே வந்து உங்களுக்குக் காட்டற வரைக்கும் எதுவும் வெளிய போகாதுன்னோம். அத நம்பித்தான் போட்டாங்க. அத நீங்க கூட்டத்துல ஒடச்சா, அப்பறம் ஒருத்தரும் எந்தப் பானைக்குள்ளயும் மனசோட கை விட மாட்டாங்க."

"அதுக்குள்ள அழுகிடும் மேடம்."

 அவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, ஊரோட பதிலச் சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னேன். உங்க பதிலச் சொல்லக்கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? அது உங்களுது."

"நான் எந்திரிச்சு சொன்னா, உங்க ரெண்டாவது கணக்கு கெட்டுப்போகாதா?"

"கெட்டுப்போகும். என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மாத வேலை அது, வெயிலில் நடந்தது, டீயாகக் குடித்தது, நாற்பது தாளில் குறுக்கே எழுதியது. அது கெடும் என்று தெரிந்தே, என் பதில் என்னுடையது என்று சொன்னார். 

கூட்டத்தில் நடந்தது நீங்கள் கோயில் படியில் உட்கார்ந்து பார்த்ததுதான். நாட்டாமை, "அப்ப வழக்கம்போல கல்லு வரைக்கும்" என்று எழப்போனார். நான் எழுந்தேன்.

"எனக்குச் சம்மதங்க. அந்த முந்நூறு அடியில எறங்கி, அவங்களோட சேர்ந்து வெட்ட நான் வர்றேன்."

 அப்புறம் பின்னாலிருந்து ஒருவர், "மாசம் பூரா அந்தம்மாவ ஏத்திக்கிட்டு சுத்துனான்ல, இவனுக்கும் ஆராய்ச்சி தொத்திக்கிச்சு" என்றார். இன்னொருவர், "டேய், இவன் பேசலடா, அந்த ஊரு பாய் கடை சமோசா பேசுது!" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்ததையும் நான் பார்த்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வெட்கமாக இருந்தது. காது இரண்டும் சுட்டது. ஆனால் சிரிக்கிறவர்களை நான் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அந்த மஞ்சள் முறம். அதனால் உட்காராமல் நின்றேன்.

சிரிப்பு அடங்கும்போது பக்கத்து வீட்டு டிராக்டர் மாமா பிடரியைத் தேய்த்துக்கொண்டே, "நானும் வர்றேன். எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். ஓரத்தில் நின்ற நடவுப் பெண்களில் ஒருவர், "எங்க வேலையும் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. நாங்க எறங்குறோம். ஆம்பளைங்க கரையில நின்னு யோசிங்க" என்றார். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. அப்புறம் ஒருவர், அப்புறம் இருவர். இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் நாட்டாமையைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார்.

"என்னை என்னடா பாக்கறீங்க? நான் எப்ப வேணாம்னேன்? ஊரு ஒத்துக்காதுன்னுதானே சொன்னேன்!"

அவர் ஊரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், ஊர் அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் காலையில் கடைமடை ஊருக்குப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற பாய் உங்களுக்குத் தெரியும். அவருக்கு அங்கே மூன்று மா நிலம். இரண்டு வருஷமாகத் தரிசு. இத்தனை வருஷமும் நான் அவர் கடையில் ஆட்டோவை அணைக்காமலே டீயை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். யாராவது பார்த்து ஊரில் சொல்வார்களோ என்று. அன்றைக்கு ஆட்டோவை அணைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பாய் அதைக் கவனித்தார்.

"என்ன தம்பி, வண்டி மக்கரா?"

"இல்ல பாய். நாளைக்கு அந்த முந்நூறு அடியில எறங்கறோம். எங்க ஊர்ல கூட்டத்துல சொல்லி, வர்றோம்னு சொன்னவங்க வர்றாங்க. உங்க ஊர்ல வருவாங்களான்னு கேக்க வந்தேன்."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான் ரெடி. ஆனா எங்க ஆளுங்க வருவாங்களா? அதுதான் சந்தேகம்."

அந்த ஊர் மஞ்சள் முறம் என் நாக்கு நுனியில் நின்றது. டீயோடு சேர்த்து விழுங்கினேன். "நீங்க ரெடின்னு மட்டும் பள்ளிவாசல்ல சொல்லுங்க பாய். அது போதும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இறங்கினோம். காட்டாமணக்கை அரிவாளால் அறுத்து, ஆகாயத்தாமரையை மூங்கிலால் இழுத்துப் போட்டோம். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. "பாத்தியா, உன் பேச்சக் கேட்டு வந்தோம்" என்று நம் ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. பாலத்தின் மேல் பாய் தெரிந்தார், ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் டீ கேன். தனி ஆள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவர் இறங்கியதை அந்தக் கரையில் இருந்து யார் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, பத்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அப்புறம் நான் எண்ணவில்லை.

மத்தியான வேளையில் நடுவில் சந்தித்தோம். உடனே பழைய சண்டை. "மண்ண எங்க கரையில கொட்டாதீங்க!" என்று அவர்கள் ஆள் ஒருவர் கத்தினார். "பின்ன எங்க தலையிலயா கொட்டறது?" என்று நம் ஆள் கத்தினார். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒரு கூடை சேறு தூக்கினபடி நிற்கிறது.

பாய்தான் சொன்னார். "ரெண்டு கரையும் ஒடஞ்சுதானே கெடக்கு? ஒரு கூடைய இங்க கொட்டு, ஒரு கூடைய அங்க கொட்டு."

"இதுக்காய்யா இத்தன வருஷம்?" என்றார் அந்த நடவுப் பெண். கூடை கைமாறியது.

இரண்டு நாளில் முடித்தோம். தண்ணீர் வந்தது. என் வயலில் ஏறவில்லை. கணுக்கால் அளவுக்கு நின்று, வடிந்து, பாலத்துக்குக் கீழே சத்தத்தோடு போனது. நாற்று நின்றது. நிலத்துக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதுவே போதும்.

சொன்னபடி மேடம் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை பானைகளை வைத்தோம். இந்தத் தடவை இரண்டாவது முறத்தில் கறுப்புக்கு நடுவே நெல் நிறையவே வந்திருந்தது. அதற்கப்புறம் பழைய மணிகளையும் புதிய மணிகளையும் முறங்களில் பரப்பிக் கோயில் வாசலிலும், கடைமடை ஊரில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கொட்டகையிலும் வைத்துக் காட்டினார். ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் நாட்டாமை. மேடம் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

அவர் எழுதிய பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டாவது கணக்குக்கு முன்னால், உதவியாளர் கூட்டத்தில் தன் கருத்தைச் சொன்னார், ஊர்கள் சேர்ந்து வேலை செய்தன, அதனால் மாற்றம் எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று இருந்தது. தானே கெட்டிக்காரத்தனமாக எதையும் கண்டுபிடித்ததாக ஒரு வரி இல்லை. படிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் எவ்வளவு படித்தாலும், என்ன படித்தாலும், இந்த ஒரு பக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முறத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவன். ஒன்றையும் பார்க்காமல், சிரிப்புக்கு நடுவில் பிடரியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாரே டிராக்டர் மாமா, அவர்தான் பெரிய ஆள். அடுத்த தடவை அவரைப் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள்.

மேடத்தைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போன அன்றைக்குப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஆகாயத்தாமரை ஒன்று தனியாக மிதந்து கடைமடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பாய் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நம் ஊர்ப் பெண்கள்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் முழுவதும் யாருக்கும் அசையாத அந்தத் தலை, ஒரு தடவை, இரண்டு தடவை, ஆமா என்று ஆடியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அம்மாவின் முறங்கள் இன்னும் மேடத்திடம்தான் இருக்கின்றன.